வேவேயில் ஒட்டி நிற்கும் மூன்று கற்கள்

சென்ற சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்ததும் முதல் வேலையாக, நான் பணிபுரியும் பேர்ண் முதியோர் இல்லத்துக்கு ஃபோன் எடுத்தேன். இரவு வேலையில் இருந்த சுகிதான் எடுத்தாள்.

“மார்கரெட் நித்திரை கொண்டாவோ?”

“ஓம் அக்கா, நல்ல நித்திரை. லீவிலையும் எங்களை விடமாட்டியளோ?”

மார்கரெட் (பெயரை மாற்றியிருக்கிறேன்) கலியாணம் செய்து இங்கே சுவிஸுக்கு வந்த ஆங்கிலேயப் பெண். வயது எண்பத்திரண்டு. இதயம் களைத்துவிட்டது, இனிச் சில கிழமைகள்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மார்கரெட் பிறக்குமுன்பே தகப்பன் இரண்டாம் உலகப் போரில் இறந்துவிட்டார். குண்டுவீச்சு விமானமொன்றின் வாலில் இருந்து சுடுபவர். இரவில் வழிதவறிய அந்த விமானம் சுவிஸ் மலையொன்றில் மோத, ஏழு பேரும் போய்விட்டார்கள்.

வாலில் இருப்பவரின் இடம் மிகத் தனிமையானது. மற்றவர்கள் முன்னால் இருக்க, இவர் மட்டும் கடைசிக் கண்ணாடிக் கூண்டுக்குள், வந்த வழியைப் பார்த்தபடி, உறைகுளிரில் மணிக்கணக்காக இருக்க வேண்டும். கூண்டுக்குள் பரசூட் வைக்க இடம் போதாது. விமானம் எரிந்தால், கூண்டின் கதவைத் திறந்து, விமானத்துக்குள் மாட்டியிருப்பதை எட்டி எடுத்த பிறகுதான் குதிக்கலாம். மார்கரெட்டின் தாய் இதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லையாம். எல்லாம் மகள் பிறகு வாசித்து அறிந்தது.

கல்லறை, ஏரிக்கரை ஊரான வேவேயில். ஒன்றரை மணித்தியாலப் பயணம், ஆனால் அவர் ஒருமுறையும் போகவில்லை. “பார்த்தால் முடிந்துவிடுமே” என்றார். இப்போது எழும்ப முடியாது. என்னிடம் ஒரு கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டார்: அப்பா தனியாகக் கிடக்கிறாரா, கூட்டாளிகளோடா?

நான் வெளிக்கிடும்போது என் கணவர், “குண்டு போட்டவனுக்கோ பூ கொண்டுபோறாய்?” என்றார். பகிடிதான், ஆனால் முழுக்கப் பகிடியில்லை. என் அப்பா யாழ்ப்பாணத்தில் விமானக் குண்டில் செத்தவர். அப்போது எனக்கு ஒன்பது வயது.

“அவனுக்கில்லை, அவன்ர மகளுக்கு” என்றேன்.

“அப்ப சரி. குடையையும் கொண்டுபோ.”

8.04 ரயில். நகரசபை விற்கும் தினச்சீட்டு, அரைக்கட்டண அட்டையோடு 39 பிராங்; முன்கூட்டியே வாங்குங்கள். லொசானுக்குக் கொஞ்சம் முன், சுரங்கம் முடிந்ததும் ஏரி ஒரேயடியாகத் திறக்கும். இடப்பக்கம் இருங்கள். லொசானில் மாறிய பிறகு வலப்பக்கம். 9.40க்கு வேவே. நிலையத்துக்குப் பின்னால் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு ஏறினால் பதினைந்து நிமிடம். நல்ல ஏற்றம், மூட்டுவலிக்காரர் ஆறுதலாக ஏறவும்.

வெள்ளைக் கற்கள், வெட்டிவிட்ட புல், கீழே ஏரி. நான் பாட்டுக்குச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கிவிட்டேன். கோயில் பழக்கம்.

“மேடம், புல் ஈரம்! தடிமன் பிடிக்கும்!” தோட்டக்காரர் பிரெஞ்சு வாடையடித்த ஜெர்மனில் கத்தினார். பிறகு என் காலைப் பார்த்துச் சிரித்தார். “சரி, கால் உங்களுடையது.”

பெயரைக் காட்டினேன். கூட்டிப்போனார். எல்லாக் கற்களிலும் பெயர், வயது, அடியில் குடும்பத்தார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. மார்கரெட்டின் அப்பாவுக்கு வயது இருபத்திமூன்று. அடியில் ஒன்றுமில்லை. அவருடைய கல்லுக்கு இரு பக்கமும் அதே விமானத்தவர் இருவர்; மற்ற நால்வர் அடுத்த வரிசையில். மூன்று கற்களும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. எனக்குப் பெரிய சந்தோஷம். படம் எடுத்தேன்.

“கூட்டாளிகள் என்றபடியாலா பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்?”

அவர் சுற்றிவரக் கையைக் காட்டினார். “மற்றக் கற்களுக்கு நடுவில் இடைவெளி இருக்கு, பார்த்தீங்களா? யாருடைய உடல் எது என்று பிரிக்க முடியாவிட்டால்தான் இப்படி ஒட்டி வைப்பது. கீழே ஒரே குழி.”

பூவை நடுக்கல்லில் வைக்கப் போனவள், மூன்றுக்கும் பிரித்து வைத்தேன்.

என் அப்பாவைப் பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். “நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடந்தவர்” என்று மாமா சொன்னார். எனக்கு இருபத்தேழு வயதில், சூரிச்சில் ஒரு கலியாண வீட்டில், ஒருவர் கதையோடு கதையாக, பெட்டிக்குள் என்ன இருந்தது என்ற உண்மையைச் சொல்லிவிட்டார். மாமா அன்பில்தான் மறைத்தார், தெரியும். ஆனாலும் அந்தப் பதினெட்டு வருடமும் நான் வேறு யாரோ ஒருவரை நினைத்து அழுததுபோல் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மேலே தேநீர்க்கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். தேடும் பெயரைத் தாளில் எழுதி வைத்திருங்கள். கற்களைப் பார்க்க ஒரு மணித்தியாலம் போதும். பிறகு சும்மா இருக்க இன்னொன்று வேண்டும்.

வீட்டில், இடம் நல்ல வடிவு, கீழே ஏரி தெரியும் என்று மட்டும் சொன்னேன். சுகியிடமும் அவ்வளவுதான். நாளை காலை ஏழு மணிக்கு எனக்கு வேலை. படத்தைக் காட்டி, அப்பா தனியாக இல்லை என்று சொல்வேன். அது பொய்யுமில்லை. கல் ஏன் ஒட்டி நிற்கிறது என்று மார்கரெட் கேட்காமலும் விடலாம். கேட்காவிட்டாலும், கட்டிலோரத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அதையும் சொல்லிவிடுவேன்.