கிள்ளான் ரயிலில் சத்தம் போடாத வளையல்கள்

போன தீபாவளிக்கு முந்தின வருஷம், தங்கை செல்லத்தைப் பிரசவத்துக்கு அழைத்துவரக் கிள்ளானுக்குப் போனேன். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீடுதான் அவளுக்குத் தாய் வீடு. வளைகாப்பு முடிந்த உடனே போயிருக்க வேண்டியது, என் வீட்டுக்காரரின் காய்ச்சலால் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று.

திரும்பும்போது காலை எட்டரை வண்டி, மூன்றாம் வகுப்பு. கோலாலம்பூருக்கு ஏறக்குறைய இருபது மைல். புகை வராத பக்கம் உட்காருங்கள், வெள்ளைச் சேலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் வண்டி நன்றாக ஆடியது. என் கையில் நாலே வளையல், அவை கலகலத்தன. செல்லம் இரண்டு கை நிறையப் போட்டிருந்தும் சத்தமே இல்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள் சதையில் புதைந்திருந்தன.

"என்னடி இது?"

"அத்தை உடம்பு பூரிச்சிருக்குன்றாங்கக்கா. ஆம்பளப் புள்ளயாம். தலவலிதான் ரெண்டு நாளா விட மாட்டேங்குது, கண்ணுல பூச்சி பறக்குது."

ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக, "ருமா சாகிட்" என்று மலாயில் ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னேன். அந்தச் சீனர் செல்லத்தின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, குலுங்காமல் மெதுவாக இழுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து நர்ஸ் மிஸ்ஸி ஒருவர், செல்லத்தின் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காய்ச்சினார். அது முட்டை வெள்ளைபோல் திரண்டது.

"மாசாமாசம் கொண்டுவந்து காட்டியிருந்தா முந்தியே பிடிச்சிருக்கலாம். இன்னும் பிந்தினா வலிப்பு வரும். தாயும் போயிடும், பிள்ளையும் போயிடும். முதல்ல வளையலைக் கழட்டுங்கோ."

சோப்புப் போட்டும் நகரவில்லை. செல்லம் அழுதாள்.

"புள்ள பொறக்கறதுக்கு முன்ன ஒடைக்கக் கூடாதுக்கா. அத்தை உயிர எடுத்துருவாங்க."

"அவங்கள நான் பாத்துக்கறேன். கையக் காட்டு."

துணி சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தேன். எனக்கும் பயம்தான்.

மறுநாள் வந்த மாமியார் அந்த மூளிக் கையைப் பார்த்து என்னை எரித்துவிடுவதுபோல் முறைத்தார். மிஸ்ஸி அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் செல்லத்தின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் ஒரு வாரம் படுக்கவைத்தார்கள். பிறகு மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை ஒரு கைப்பிடிதான், ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆம்பளப் பிள்ளை என்றார்களே, பெண்!

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒன்றும் நோகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். முகமோ கையோ வீங்கினாலும், தலைவலி விடாவிட்டாலும் அன்றைக்கே கிளம்புங்கள். காலை வண்டியில் போனால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

செல்லம் இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மாதாமாதம் மாமியாரே கூட்டி வருகிறார். நேற்று வளைகாப்பு முடிந்து வந்தார்கள், நான் ஸ்டேஷனில் காத்திருந்தேன். வண்டி நிற்பதற்குள் அந்த அம்மாள் செல்லத்தின் கையை ஜன்னலுக்கு வெளியே தூக்கி ஆட்டினார்.

"கேக்குதா பாரும்மா!"

அத்தனை இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.