மயில் வைத்த பிளசர்

ஒரு வண்டிக்கு எத்தனை விளக்கு வேண்டும் என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு பதில் கிடைக்கும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, வண்டிகளுக்கு வயர் இழுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன். நாமக்கல்லில் லாரியின் நெற்றி முழுக்கச் சிவப்பும் பச்சையும் வைக்கச் சொல்வார்கள். பாலக்காட்டில் ஜீப்புக்கு வெள்ளை வெளிச்சம் மட்டும்தான்; வேறு நிற பல்பைக் கையில் எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். பம்பாயில் ஒரு டாக்ஸிக்காரர் கூரையின் உட்பக்கம் நட்சத்திரம் பதிக்கச் சொன்னார். வெளியே நிற்பவன் பார்த்து என்ன ஆகப்போகிறது, காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவன் பார்க்கட்டும் என்பது அவர் கட்சி. ஒரு மழைக்காலம் முழுக்க அந்த டாக்ஸியில்தான் படுத்தேன். படுக்க வேறு இடம் கிடையாது. அண்ணாந்தால் நட்சத்திரம். அப்படி ஒன்றும் மோசமாக இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் காய்ச்சலோடு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். வேறு எங்கோ போக வேண்டியவன். பஸ்ஸில் உட்கார முடியாமல் இறங்கிவிட்டேன். அங்கே பழைய பிளசர் ஒன்றைக் கல்யாண வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர், எனக்கு வயர் வேலை தெரியும் என்று அறிந்ததும் காய்ச்சலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே மயிலைப் பற்றிக் கேட்டார்.

"ஏலே தம்பி, பிரேக் அடிச்சா மயிலு தோகைய விரிக்கணும். வயர்ல அது முடியுமா?"

முடியும் என்றேன். அன்றிலிருந்து அவர் வீட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அவருடைய கார் ஷெட்டில் படுத்துக்கொண்டேன்.

கோவில்பட்டிப் பக்கம் பழைய ஆட்கள் காரைப் பிளசர் என்றுதான் சொல்வார்கள். அண்ணாச்சியின் பிளசர் உண்மையிலேயே அந்தச் சொல்லுக்குப் பிறந்தது. உருண்டையான முதுகு, யானைக் காது மாதிரி மட்கார்டு, முன்னால் தட்டு அகலத்துக்கு இரண்டு மஞ்சள் கண்ணாடி ஹெட்லைட். ஏதோ ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. அண்ணாச்சி ஒரு கிடை ஆட்டை விற்றுப் பாதி போட்டார். அவர் மனைவியின் தம்பி மீதிப் பாதி போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து கோழியை விரட்டி, வண்டியை ஓட வைத்தார்கள். அதுவரை சண்டை இல்லை. விளக்கு என்று வந்ததும்தான் ஆரம்பித்தது.

அண்ணாச்சி சின்ன வயதிலிருந்து கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டுக் காவல் கிடந்தவர். ஒரு அரிக்கேன் விளக்கு, அதற்கும் மண்ணெண்ணெய் இருந்தால்தான். அப்படிக் கிடந்த மனிதருக்குக் கையில் ஒரு வண்டியும் பேட்டரியும் கிடைத்தால் என்ன செய்வார்? மட்கார்டு ஓரத்தில் ஓடும் சீரியல் லைட். நம்பர் பிளேட்டைச் சுற்றி ஊதா. சக்கரத்துக்கு உள்ளே பச்சை. சாமி படத்துக்கு முன்னால் மாறி மாறி எரியும் சிவப்பும் நீலமும். இத்தனைக்கும் பிறகு அவருக்குத் தூக்கம் வராமல் இருந்தது மயிலை நினைத்துத்தான். மயில் வாகனச் சாமி இருக்கிற கழுகுமலைக்கு மாசம் தவறாமல் போய் வருகிறவர்.

மைத்துனர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுபவர். பகல் முழுக்கத் தீப்பற்றும் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற மனிதர். எதுவும் எரியாமல் இருப்பதே அவர் கண்ணுக்கு அழகு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் பல்பொடி தொட்டு அந்த இரண்டு ஹெட்லைட்டின் விளிம்பைத் தேய்ப்பார். வண்டிக்கு அந்த இரண்டு மஞ்சள் கண் போதும் என்பார். விளக்கு மாட்டுவதற்காக வண்டியில் புது ஓட்டை ஒன்று விழுந்திருப்பதைப் பார்த்தால் தன் உடம்பில் விழுந்த மாதிரி தடவிப் பார்ப்பார்.

"அத்தான், இது காரா, சப்பரமா?"

"சப்பரந்தாம் மாப்ள. மாப்பிள்ளையும் பொண்ணும் அன்னைக்கி ஒரு நாளு சாமிதான. பெறவு எந்தக் காலத்துல அவியளுக்கு வெளிச்சம்?"

வீட்டுக்குள்ளிருந்து மதினி குரல் கொடுப்பார். அவர் ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்கு அக்கா. கட்சி சேர முடியாது. அதனால் மூன்றாவது கட்சி வைத்திருந்தார். "உள்ளுக்க ஒரு நல்ல பல்பு போடத் தெரியல. பொண்ணு மூஞ்சி தெரியாம இருட்டுக்குள்ள உக்காந்திருக்கு. வெளிய பூராவும் சரவெடியா எரியுது. வாறவ பொண்ணப் பாப்பாளா, ஒங்க சக்கரத்தப் பாப்பாளா?"

மதினி சொன்னதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. ஆனால் கஞ்சி அவர் கையிலிருந்து வந்ததால் அப்படிப் பட்டதா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மயிலை நான் பிஸ்கட் டின்னின் தகட்டில் வெட்டினேன். தோகைக்கு ஜிகினாத் தாள், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு குட்டி பல்பு. டிக்கி மூடியில் ஏற்றி, பிரேக்கை மிதித்தால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரிகிற மாதிரி வயரைக் கொடுத்தேன். அண்ணாச்சி முதல் தடவை மிதித்துவிட்டு, தன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் விளங்கி, என்னை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினார். பிறகு மதினியை மிதிக்கச் சொன்னார். தெருவில் போன பால்காரரைக்கூட ஏற்றி மிதிக்கச் சொன்னார்.

ஒரு சங்கடம். அந்தக் காலத்து வண்டியில் இத்தனை விளக்குக்குக் கரண்ட் கிடையாது. டிக்கியில் டிராக்டர் பேட்டரி ஒன்றை வைத்தேன். அதுவும் போதவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எல்லா விளக்கும் பளீரென்று எரியும். காலை எடுத்தால் சோர்ந்து போகும். வண்டி மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அண்ணாச்சிக்கு அதுவும் பிடித்துப்போயிற்று.

மயிலைப் பார்த்த அன்று மைத்துனர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, "கோயம்புத்தூர்க்காரருக்குச் சொல்லி விடுதேன். வித்துருவோம்" என்றார்.

கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற பணக்காரர் ஒருவர் இந்த வண்டியை முன்பே கேட்டிருந்தார். அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போயிற்று. ஆடும் போய், பிளசரும் போனால் அவர் யார்? வாடகைக்கு யாரோ ஒருவரின் வேனை ஓட்டும் டிரைவர். இரண்டு நாள் வண்டியிலிருந்து இறங்காமலே இருந்தார். சாப்பாட்டை மதினி ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

அப்போதுதான் மைத்துனருடைய முதலாளி வீட்டுக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை முதலாளியின் மகன். பெண் வீடு நாகலாபுரத்தை அடுத்த ஒரு கரிசல் கிராமம். பழைய பிளசரில் மாப்பிள்ளை அழைப்பு வைக்க வேண்டும் என்று முதலாளிக்கே ஆசை.

"அத்தான், எம் மானத்த வாங்காதீங்க. ரெண்டு ஹெட்லைட்டோட கவுரவமா வாங்க."

"எல்லாத்தையும் போட்டுத்தான் வருவேன் மாப்ள. ஒங்க மொதலாளி மூஞ்சி சுளிச்சார்னா, மறுநாளே கோயம்புத்தூர்க்காரருக்கு நானே சாவியக் குடுத்துருதேன். வாயத் தொறக்க மாட்டேன். சுளிக்கலன்னா, நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

மைத்துனர் சம்மதித்தார். அவர் முதலாளியின் முகம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். சாதாரண நாளிலேயே பாதி சுளித்த முகம்.

ஐப்பசி முகூர்த்தம். அந்த வருஷம் வானம் ஒரு துளி போடாமல் எல்லோரையும் காயவைத்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நாங்கள் விளாத்திகுளம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது பிடித்தது பாருங்கள் மழை. அண்ணாச்சி வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நனைந்தார். பின் ஸீட்டில் கோட்டு சூட்டோடு இருந்த மாப்பிள்ளை கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குத் துணையாக வந்த மைத்துனரும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காடு முழுக்கக் கறுப்பாக மினுங்கியது. வண்டியில் இருந்த அத்தனை பேரும் மழைக்கு ஏங்கிய ஊர்க்காரர்கள். மழை பார்த்த சந்தோஷத்தில், முதல் மழைக்குப் பின்னால் என்ன வரும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

பொழுது சாயும் நேரம் பெண் வீட்டு ஊர் எல்லையில் பிள்ளையார் கோயில் முன்னால் நின்றோம். மழை விட்டு வானம் வெறித்திருந்தது. மேளக்காரர்கள் தயார். முதலாளி வேறு காரில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டு, சுவிட்சைப் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

நான் எத்தனையோ வண்டிக்கு விளக்கு வைத்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஈரத் தரை பூராவும் பச்சையும் ஊதாவும் ஓடியது. முதலாளியின் முகம் சுளிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஹெட்லைட்டுக்கு முன்னால் ஒரு ஈசல் பறந்தது.

பிறகு பத்து. பிறகு காட்டில் இருந்த அத்தனையும்.

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு இருமினார். தவில்காரரின் தலைமுடி வெள்ளையாகி அசைந்தது. மாப்பிள்ளை கோட்டுக்குள் ஏதோ புகுந்துவிட்டதென்று ஸீட்டில் குதித்தார். அதற்குள் ஊருக்குள் ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்தது. ஈசல் வந்தால் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு வெளியே ஒரே ஒரு விளக்கு வைத்து, வறுத்துத் தின்னப் பிடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அன்றைக்கு அந்த ஒரே விளக்கு நாங்கள்தான்.

"அமத்துங்க அத்தான், மொதலாளி மேல பூராவும் ஏறுது" என்று மைத்துனர் கத்தினார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு சுவிட்சைப் பார்த்தார். கை அதை அணைத்தது, மனசு அணைக்கவில்லை. எல்லாம் இருட்டாயிற்று. பிளசர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எவம்லே லைட்ட அமத்துனது?"

"ஏட்டி, சொளகு எடுத்துட்டு வா. ஏ டிரைவரண்ணாச்சி, போடுங்க, போடுங்க."

அரிசி புடைக்கிற சுளகும் சாக்கும் அகலச் சட்டியில் தண்ணீருமாகப் பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு சம்பந்தியம்மாளே ஒரு குடத்தோடு வந்திருந்தார். முதலாளி சட்டைக்குள்ளிருந்து ஒரு ஈசலை எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். சம்பந்தி வீட்டார் கேட்கிறார்கள். என்ன செய்வார்?

"போடுங்க டிரைவர். அவிய ஆசப்படுதாவள்ல" என்றார்.

மறுபடியும் பச்சை, ஊதா, சிவப்பு. மாப்பிள்ளை மெதுவாக இறங்கி, மேளம் இல்லாமல், பெண் வீட்டை நோக்கி இருட்டில் நடந்தே போனார். ஒருவரும் கவனிக்கவில்லை. பெண் வீட்டு வாசலில் அவரை யாரென்று கேட்டார்களாம்.

நான் பின்பக்கம் போனேன். டிக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் சட்டையைக் கழற்றித் துண்டு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, தலை நிறைய இறக்கையோடு, குனிந்து நிமிர்ந்து வாரிக்கொண்டிருந்தார். மைத்துனர். என்னைக் கண்டதும் ஒரு நொடி நிமிர்ந்தார். பிறகு வெட்கத்தை விட்டுவிட்டார்.

"அத்தான்" என்று முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்த மயிலப் போடுங்க. பின்னாடி நெறைய நிக்கி."

அண்ணாச்சி ஒரு காலால் ஆக்சிலேட்டரையும் இன்னொரு காலால் பிரேக்கையும் அழுத்தினார். மயில் தோகையை விரித்தது. ஈசல் மழையாகக் கொட்டியது. கால் இரண்டும் நடுங்கும் வரை அவர் எடுக்கவில்லை. இந்தத் தடவையும் அவரால் மயிலைப் பார்க்க முடியவில்லை, ஆனால் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மாப்ள, விரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "விரியுது, விரியுது, கால எடுத்துராதீங்க" என்று பின்னாலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. நான் நடுவில் நின்று சிரித்ததில் வயிறு வலித்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மாள் வறுத்த ஈசலை முதலாளிக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தார். அவர் தின்றார். முகம் சுளிக்கவில்லை. "லைட்டு கொஞ்சம் கூடத்தான்" என்று மட்டும் மைத்துனரிடம் சொன்னார்.

"கூடவா?" என்றார் மைத்துனர். "கூரையில எடம் சும்மால்லா கெடக்கு."

ஒரு வாரம் கழித்துக் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். மைத்துனர் முன்பே சொல்லிவிட்டிருந்ததை ஒருவரும் மறுபடி போய்த் தடுக்கவில்லை. எங்களுக்கு மறந்தே போயிருந்தது. அவர் பிளசரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எழவு வீட்டில் பேசுகிற குரலில், "இந்த விளக்கையெல்லாம் எடுத்துடலாமுங்களா?" என்று கேட்டார்.

மைத்துனர் ஹெட்லைட் விளிம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எடுக்கலாம் சார். ஈசல் காலம் முடியணும்லா."

அவருக்கு விளங்கவில்லை. அண்ணாச்சி மட்கார்டுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். மதினி வந்தவருக்கு மரியாதையாக ஒரு கிண்ணத்தில் பொரியரிசியும் வறுத்த ஈசலும் கொண்டுவந்து வைத்தார். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். மயிலைப் பார்த்தார். பிறகு வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேட ஆரம்பித்தார்.