உயரமாக நின்ற பல்

தெருவில் எல்லோரும் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பல் வைத்தியர் அல்ல. நோயாளியின் வாயை அவர் பார்ப்பதே இல்லை. நான்கைந்து மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் வரிசை வைத்து, வார்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. முப்பத்தோரு வருடங்களாக ஒரே அறை. மருந்துக்கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னல். ஜன்னலை ஒட்டிய மேஜையில் ஒரு சிறிய மோட்டார், ஸ்பிரிட் விளக்கு, மேல்தாடையையும் கீழ்தாடையையும் மாட்டித் திறந்து மூடிப் பார்க்கும் பித்தளைக் கருவி. எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும்.

அவர் தொழிலில் கடைசி வார்த்தை கடி. பல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடி சரியில்லை என்றால் செட் திரும்பி வந்துவிடும். அதற்கு ஒரு சிவப்புத் தாள் உண்டு. இரண்டு வரிசைக்கும் நடுவில் அதை வைத்துத் தட்டினால், எந்தப் பல் மற்றதைவிட உயரமாக நிற்கிறதோ அதன் தலையில் மட்டும் சிவப்பு விழும். சிவப்பு விழுந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். மறுபடி தட்ட வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி சிவப்பு விழும்வரை. அவர் பெரிய திறமைசாலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு காரியத்தை அவர் கை, அவரைக் கேட்காமலே செய்யும்.

மனைவியின் தம்பி மின்வாரியத்தில் லைன்மேன். பதினான்கு வருடங்களுக்கு முன்பு, ஊருக்கு வெளியே பழைய சுண்ணாம்புக் குவாரியை அடுத்த பொட்டலில் கம்பம் நடக் குழி தோண்டியபோது, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பல் கிடைத்தது. ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி. பல்லைப் பற்றித் தெரிந்தவர் என்று அவனுக்குத் தெரிந்த ஒரே ஆள் அக்கா புருஷன்தான்.

"மாமா, இது யாரோடதுன்னு சொல்லுங்க. உங்க கஸ்டமரா?"

பல்செட்காரர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "மாப்ளே, இது மனுஷப் பல்லு இல்ல."

"அடேங்கப்பா! இதைச் சொல்லத்தான் பதினேழு வருஷ சர்வீஸா?"

அது சுறாவின் பல் என்று சொன்னவர் தபால்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். புதைபடிவங்களைப் பற்றிப் படம் போட்ட புத்தகங்கள் நான்கு அவரிடம் இருந்தன. கடல் இருந்த இடம் அது, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால், என்றும் அவர்தான் சொன்னார். அதன்பிறகு ஞாயிறு காலை மூவரும் குவாரிச் சரிவில் நடப்பதும், மதியத்துக்குமேல் போஸ்ட் மாஸ்டர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கிடைத்தவற்றை இனம் பிரிப்பதும் வழக்கமாயின. எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் ஒட்டிப் பார்ப்பார்கள். எலும்பு நாக்கில் ஒட்டும், கல் ஒட்டாது. "வீட்டுல ஆக்கிப் போட்டா உப்பில்லைன்னு சொல்றது, ஞாயித்துக்கிழமை ஊர்ல கிடக்குற கல்லையெல்லாம் நக்குறது" என்பாள் பல்செட்காரரின் மனைவி.

போஸ்ட் மாஸ்டர் அவசரக்காரர். எது கிடைத்தாலும் புத்தகத்தில் இருப்பதிலேயே அபூர்வமான படத்துக்கு நேராக அதை வைத்துவிடுவார். லைன்மேன் விடமாட்டான். "எதை வச்சு சொல்றீங்க சார்?" என்று கேட்பான். அந்த அறையில் அதுதான் சட்டம். எதை வைத்து என்று காட்ட முடியாத பெயர் நோட்டில் ஏறாது. நோட்டு அவனிடம் இருந்தது. கிடைத்த இடத்தைக் கம்ப எண் போட்டு எழுதுவான்: 'கம்பம் 114-க்கு வடக்கே நாற்பது அடி, மஞ்சள் மண்ணுக்குக் கீழே.' இந்த ஒரு விஷயத்தில் அவன் மற்ற இருவரையும்விட மேலானவன். கல்லை நேசிப்பவர்கள் பலர் உண்டு. கல்லுக்கு நியாயம் செய்கிறவர்கள் குறைவு.

நாற்பத்தாறு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். கம்பம் ஏறுவது நின்றது. கல்யாணம் ஆகாதவன் என்பதால் அக்கா வீட்டுக்கே கூட்டிவந்து முன்னறையில் கட்டில் போட்டார்கள். கடைசியாக அவன் சரிவுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்தில் கையை ஊன்றியபோது அது தட்டுப்பட்டது. விரல் நீளத்தில் ஒரு தாடைத் துண்டு. அதில் ஏழு பற்கள்.

முன்னால் இரண்டு கூராக இருந்தன. பின்னால் இருந்தவை முண்டும் முடிச்சுமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். போஸ்ட் மாஸ்டர் பன்றி என்றார்.

"சார், கடல் இருந்த காலத்துச் சுருள் சிப்பி கிடக்குற அதே அடுக்குல கிடந்திருக்கு. அந்தக் காலத்துல பன்னிக்குத் தாத்தாவோட தாத்தாகூடப் பொறக்கல."

"அப்ப முதலை."

"முதலைக்குப் பூரா ஒரே மாதிரி கூம்புப் பல்லுன்னு உங்க புஸ்தகமே சொல்லுதே."

எட்டு ஞாயிறு போயிற்று. நோட்டில் பெயருக்கு விட்ட இடம் காலியாகவே இருந்தது. கட்டிலில் படுத்தபடி லைன்மேன் ஒருநாள் சொன்னான்: "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது மாமா. இது என்னன்னு சரியா ஒருத்தர் சொல்லி நான் கேட்டுட்டா போதும்."

பக்கவாட்டில் எடுத்த நான்கு புகைப்படங்களோடு தலைநகரத்து அருங்காட்சியகத்துக்குக் கடிதம் போனது. பழைய விலங்குகளின் பற்களையே ஆராயும் ஒரு அம்மா பதில் எழுதினார். படம் போதாது, அடுத்த மாதக் கடைசியில் நேரில் வருகிறேன், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்று.

ஐந்து வாரம் இருந்தது. லைன்மேனால் எழுந்து உட்கார முடியாமல் போனது அந்த ஐந்து வாரத்தில்தான். பல்செட்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு வேலை. தாடையை அறைக்கு எடுத்துப் போனார். இந்த ஏழு பல்லுக்கு எதிரே என்ன பல் இருந்திருக்கும் என்று யோசித்து, மெழுகில் ஒரு மேல்வரிசை செய்து, பிளாஸ்டரில் வார்த்தார். இரண்டையும் பித்தளைக் கருவியில் மாட்டினார். மாப்பிள்ளை படுத்தபடி அதைத் திறந்து மூடிப் பார்க்கலாம். நடக்க முடியாதவன் கையில் அந்தப் பிராணி ஒரு தடவை மெல்லட்டும்.

மூடிப் பார்த்தார். மூடவில்லை. மூன்றாவது பல் மட்டும் மேலே இடித்தது. மற்ற ஆறும் அந்தரத்தில் நின்றன. சிவப்புத் தாளை வைத்துத் தட்டினார்.

முதல் இரண்டு மூன்று முறை மேலே இருந்த பிளாஸ்டரைத்தான் தேய்த்தார். அதன்பிறகு கை கீழே, நிஜப் பல்லுக்குப் போயிற்று. ஏன் போயிற்று என்பதை அவரால் பிற்பாடு யாருக்கும் சொல்ல முடியவில்லை. ஒரு பல் மற்றதைவிட உயரமாக நின்றால் அது குறை என்று முப்பத்தோரு வருடம் பழகிய கை. மோட்டாரில் வைர முனை போட்டு, தண்ணீர் விட்டு, அரை மில்லிமீட்டர். பிறகு நான்காவதில் சிவப்பு விழுந்தது, பிறகு ஐந்தாவதில். கடைசியில் வழக்கம்போல மெருகு. மூடினால் ஏழும் ஒன்றாகச் சேர்ந்து டக்கென்று ஒரே சத்தம்.

லைன்மேன் அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் திறந்து மூடினான்.

"அக்கா, இங்க வாயேன். மெல்லுது பாரு. இந்தா, இப்பக் கொட்டாவி விடுது."

"உனக்கும் அதுக்கும் வாய் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றாள் அக்கா. அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"எப்படி மாமா இவ்வளவு கரெக்டா உக்காருது? நான் போட்ட கடியிலேயே ஒண்ணுகூட இப்படி உக்காந்ததில்ல."

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ் மாப்ளே" என்றார் பல்செட்காரர். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

அருங்காட்சியகத்து அம்மா வந்தபோது, ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்று பல்செட்காரர் தாடையை மருந்துக்கடை மாடியில் வைத்துக் காட்டினார். போஸ்ட் மாஸ்டரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மா லென்ஸைக் கண்ணில் வைத்துத் தாடையை ஜன்னல் பக்கம் திருப்பினார். முதல் பல், இரண்டாவது பல். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"இதை மெருகேத்தினது யாரு?"

"நான்தாங்க மேடம். கொஞ்சம் உயரமா இருந்துச்சு."

"தேய்க்கறதுக்கு முன்னாடி அச்சு எடுத்தீங்களா?"

ஆயிரக்கணக்கான வாய்களை அச்சு வைத்தே அறிந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லைங்க. நகலா இல்லாம நிஜத்தையே அவன் கையில கொடுக்கணும்னு நினைச்சேன்."

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். முதலையின் உறவுக்காரர்களிலேயே தரையில் வாழ்ந்த சின்னப் பிராணிகள் உண்டு, அவற்றுக்கு ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு வடிவம். இது அந்த வகையாக இருக்கலாம். இந்தப் பக்கத்தில் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. அல்லது முற்றிலும் வேறான ஒன்றாகவும் இருக்கலாம். எது என்பதைப் பல்லின் தலையில் இருக்கும் நுண்ணிய மடிப்பும் தேய்மானமும்தான் சொல்லும். தாடை மேலும் கீழும் அசைந்ததா, முன்னும் பின்னும் அரைத்ததா என்பது அந்தத் தேய்மானத்தில் எழுதியிருக்கும். முன்பல் இரண்டும் அதைச் சொல்லாது. கடைசி இரண்டும் முன்பே உடைந்தவை. சொல்லக்கூடியவை நடுவில் இருந்த மூன்றுதான்.

"இப்ப இதுல தெரியறது உங்க கை எப்படிப் போச்சுங்கறதுதான்."

"மேடம், அவன் படுத்த படுக்கையா இருக்கான். ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க."

"நான் சொல்லிடலாம். ஆனா அது ஆறுதலா இருக்கும். பேரா இருக்காது."

அவர் கிளம்பிய பிறகு போஸ்ட் மாஸ்டர் வழி சொன்னார். "புஸ்தகத்துல இருக்கறதுலயே நீளமான முதலைப் பேரா ஒண்ணு எடுத்துச் சொல்லிடுங்க. கேட்டு சந்தோஷப்படுவான். யாருக்கு என்ன கெட்டுப்போகுது?" ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

பல்செட்காரர் அந்தச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். லைன்மேன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா சொன்னாங்க?"

சீட்டைப் பார்த்து வாசித்தார். அவன் முகம் விரிந்தது. அந்தப் பெயரை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தான். நோட்டைத் தலையணைக்குக் கீழிருந்து இழுத்துப் பேனாவைத் திறந்தான்.

"எதை வச்சு சொன்னாங்க?"

பல்செட்காரர் சீட்டை மடித்தார். பதினான்கு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய மனிதருக்கு இப்போது காட்ட ஒன்றும் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

லைன்மேன் பேனாவை மூடினான். "மூணாவது பல்லா?"

"மூணு, நாலு, அஞ்சு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில், "மாமா, தாடையையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துட்டு வாங்க. நோட்டுல எழுதணும்" என்றான்.

எந்தப் பல்லில், எந்தப் பக்கம், எவ்வளவு. எது பிராணியின் தேய்மானம், எது மாமாவின் தேய்மானம். அவன் கேட்க, இவர் தாடையைப் பார்த்துச் சொல்லி எழுதினார். தினமும் ஒரு பல்லுக்குமேல் அவனால் முடியவில்லை. முதல் இரண்டுக்கும் ஒவ்வொரு வரி போதுமாக இருந்தது. மூன்றாவது பல்லுக்கு முழுப் பக்கம் ஆயிற்று. நான்காவதில் தடுமாறினார்.

"இந்தப் பின்சரிவு உங்களோடதா, அதோடதா?"

"ஞாபகம் இல்ல மாப்ளே."

"சிவப்பு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. தேய்ச்சேனான்னுதான் தெரியல. தேய்ச்சிருக்கலாம்னு எழுதிடவா?"

"லாம்-லாம் எல்லாம் வேண்டாம். ஞாபகம் இல்லைன்னே எழுதுங்க."

எழுதினார். லைன்மேன், "அது மெல்லும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று பல்செட்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் எதை வைத்து என்று அவன் கேட்டிருப்பான்.

ஐந்தாவது பல்லை முடித்த மறுநாள் டயாலிசிஸ். போன இடத்தில் ரத்த அழுத்தம் இறங்கியது. அவன் திரும்பி வரவில்லை.

மிச்சமிருந்த ஆறாவது, ஏழாவது பல்லைப் பல்செட்காரர் தனியாகவே எழுதினார். அவற்றை அவர் தொடவே இல்லை. 'கை படவில்லை' என்று எழுத ஒரு வரி போதும். ஆனாலும் அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. குறுக்குக்கேள்வி கேட்க ஆள் இல்லாமல் எழுதியதை அவரால் நம்ப முடியவில்லை. தாடையும் நோட்டின் பக்கங்களும் அருங்காட்சியகத்துக்குப் போயின. மாதம் ஒன்று கழித்து ஒரு அட்டை வந்தது. பதிவு எண் இருந்தது. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் முழுதாக, தகப்பன் பெயரோடு இருந்தது. இடம், அவன் கொடுத்த கம்ப எண்ணோடு. இனம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

மனைவி அட்டையை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் கேட்டாள்:

"நீங்க தொடாம இருந்திருந்தா, இந்த இடத்துல ஏதாவது எழுதியிருப்பாங்களா?"

"எழுதியிருப்பாங்க" என்றார்.

"அவன் காதால கேட்டிருப்பானா?"

"கேட்டிருப்பான்."

அவள் அட்டையைத் தம்பியின் மருந்துச் சீட்டுகள் இருந்த உறைக்குள் வைத்து, அலமாரியை மூடினாள்.