நெருப்பைப் பார்க்காமல் நின்றவர்

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் குடியிருப்புக் கட்டடம் பட்டப்பகலில் தீப்பிடித்தது. வேலையிலிருந்து ஓடிவந்தேன். அம்மாவைக் காணவில்லை. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் கைத்தொலைபேசியை உயர்த்தி, மூன்றாம் மாடி எரிவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் மட்டும் நெருப்பைப் பார்க்காமல், பெரிய கமராவால் எங்கள் முகங்களை எடுத்தார். குளிரில் அவருடைய விரல்கள் சிவந்திருந்தன. கமரா என் பக்கம் திரும்பியது.

"என்ர அம்மா உள்ளுக்கை நிக்கிறா. உமக்குப் படமோ வேணும்?" அவர் தமிழரோ என்றுகூட யோசிக்காமல் கத்தினேன்.

அவர் கமராவை இறக்கினார். "நெருப்பை எல்லாரும் எடுக்கினம், தங்கச்சி. நான் ஆக்களைத்தான் எடுக்கிறனான். இதிலை அம்மா நிக்கிறாவோ எண்டு பாருங்கோ."

சின்னத் திரையில் முகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ படத்தில், யாருடையதோ சிவப்புக் கோட்டுக்குள் அம்மா.

"இவதான்!"

"பஸ் தரிப்பிடத்திலை எடுத்தது. ஓடுங்கோ."

அம்மா அங்கேதான் நடுங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது அந்த மனிதர் போய்விட்டார்.

அந்தத் தீயின் காணொளிகள் இன்னும் இணையத்தில் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் அதே சுவாலைதான். அவர் எடுத்த முகங்களை மட்டும் எங்கு தேடியும் காணவில்லை. யாருக்காக எடுத்தார் என்பது இன்றும் எனக்குத் தெரியாது.