பதினெட்டு வயதும் ஒரு பௌர்ணமியும்

குழந்தைகள் பிரிவில் பிசியோதெரபி செய்கிற எனக்கு ஜுரம், சளியைவிடப் பயம் தருவது நோயாளிகளின் பதினெட்டாவது பிறந்தநாள்தான். அன்றோடு அவர்கள் பெரியவர்கள் பிரிவுக்கு மாறியாக வேண்டும். ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்றவர் எவருக்கும் இது புரியும்.

கேசரியும் கடைசிச் சீட்டும்

கீழ்பென்னாத்தூர் நஸ்ரினுக்குப் பிறவியிலேயே கை கால் இறுக்கம். வீல்சேர்தான். பேச்சும் மெதுவாகத்தான் வரும். ஆறு வயதிலிருந்து என்னிடம் வருகிறாள். பதினெட்டு முடிந்த அன்று அவள் அம்மா கேசரியோடு வந்தார். குழந்தைகள் டாக்டர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சீட்டு எழுதினார்.

"பத்து நாளைக்குத்தான் மாத்திரை. அதுக்குள்ள பெரியவங்க டாக்டரைப் பார்த்துடுங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்துடும்."

நான் குறித்த நாள்

பெரியவர்களுக்கான நரம்பு டாக்டர் வாரத்தில் வியாழக்கிழமை மட்டும் வருவார், ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். மாற்றல் கடிதத்தில் அடுத்த வியாழனை எழுதிக் கொடுத்தேன். திருவண்ணாமலையில் வேலை பார்த்துக்கொண்டு, தேதி குறிக்கும்போது பௌர்ணமியைப் பார்க்காத ஒரே முட்டாள் நான்தான்.

அன்று பதினோரு மணிக்கு நஸ்ரினின் அம்மாவிடமிருந்து போன். பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவையும் உள்ளே விடவில்லை. கையில் மிச்சம் ஒரே ஒரு மாத்திரை. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"பௌர்ணமின்னு எங்களுக்குத் தெரியும் சார். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு வந்துட்டோம்."

பதில் சொல்லும் பழக்கம்

கிரிவலக் கூட்டத்துக்குள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வீல்சேரைத் தள்ளினேன். நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி ஒன்றாக ஐந்து நிமிடம். டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

"மாத்திரை போட்டா தூக்கம் வருதா?" என்று நஸ்ரினைக் கேட்டார்.

"அதெல்லாம் இல்லை டாக்டர்" என்றேன் நான்.

"இறுக்கம்?"

"கம்மியாயிருக்கு" என்றேன். அதற்கும் நானே.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். நஸ்ரினின் வாய் கோணியது, கழுத்து இழுத்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடிகாரத்தில் மணி ஒன்று தாண்டியது. டாக்டர் அசையவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"காலேஜ்ல... தினமும் தூங்கிடறேன் டாக்டர். பன்னெண்டு வருஷமா... சாரே பதில் சொல்லிடறாரு. அவரைக் கொஞ்சம்... வெளிய இருக்கச் சொல்லுங்க."

மாற்றல் கடிதம் எழுதியவன் நான். புது அளவில் ஒரு மாத மாத்திரைக்கான சீட்டோடு அவள் வரும்வரை, வெளி பெஞ்சுக்கு மாற்றலாகி உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.