ஊசிக்கம்பி போட்ட சைக்கிள்

என் தங்கை மகனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய இங்கிலீஷ் சைக்கிள்களை எங்கெங்கோ தேடிப் பிடித்து, வில்லியனூர் வீட்டில் கார் நிற்க வேண்டிய இடத்தில் பிரித்துப் போட்டு, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து மறுபடியும் ஓட வைப்பான். போன மாதம் போயிருந்தபோது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பச்சை நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள். மூன்று கியர் வண்டி. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டான்.

"சத்தத்தக் கேளுங்க பெரியம்மா. எவ்ளோ இனிமையா டிக்டிக்குங்குது பாருங்க."

கேட்டேன். என்னையறியாமல் கை போய்ச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது. பக்கத்தில் ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். அந்த வாடை வேறு. "இன்னா பெரியம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிட்சி?" என்றான். மண்ணெண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். பாதி உண்மை. மீதியை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் நடுவில் பாகூர்ப் பக்கம் எனக்கு முதல் வேலை. வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிற நர்ஸ். வயது இருபத்தொன்று. வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண் நான். பருப்பு மூட்டைக்குப் பின்னால் எலி ஓடினால் கல்லாப்பெட்டி மேல் ஏறி நிற்கிறவள். அப்படிப்பட்டவளை நம்பி ஏழு கிராமத்துக் கர்ப்பிணிகளை ஒப்படைத்திருந்தார்கள். சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு சாமான்கள் கொடுத்தார்கள். ஒன்று பிரசவப் பெட்டி. மற்றொன்று சைக்கிள். முன்பு அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனதாம்.

சைக்கிள் ஓட்ட எனக்கு ஓரளவு தெரியும். இந்த வண்டியோ தனி ஜாதி. கைப்பிடியில் ஒரு விசை. அதை ஒன்றில் வைத்தால் மிதிக்க லேசாக இருக்கும், மேட்டுக்கும் எதிர்க்காற்றுக்கும் ஏற்றது. மூன்றில் வைத்தால் பறக்கும். மாற்றுகிற வேலையெல்லாம் பின்சக்கரத்தின் நடுவில், வெங்காயம் போலத் தடித்திருக்கும் ஹப்புக்குள் நடக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. சரியாக இருக்கும்வரை சுகமான வண்டி. அது சரியாக இல்லை. நல்லபடி மிதித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மிதிக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போய்விடும். மாடிப்படி இறங்கும்போது கடைசிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போமே, அது மாதிரி. எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாது.

அந்த ஐப்பசியில் ஏரி தளும்பத் தளும்ப நின்றது. என் கிராமங்களில் பாதிக்கு ஏரிக்கரை மேல்தான் வழி. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கரும்புக்கொல்லைக்கு இறங்கும் சரிவு. ஒரு நாள் காலை, எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்தபோது வழுக்கியது. நான் தண்ணீர்ப் பக்கம் விழுந்தேன். நல்லவேளை, கரையோரத்துக் கருவேலஞ்செடி பிடித்துக்கொண்டது. முழங்கால்வரை தண்ணீர். பிரசவப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூப்பிடக் குரல் வராமல் எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. நீச்சல் தெரியாதவளுக்கு முழங்கால் தண்ணீரும் சமுத்திரம்தான். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் முதல் நினைப்பே அந்தக் கரைதான்.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தவள் லெயோனி, ஆரம்பப் பள்ளி டீச்சர். புதுச்சேரி டவுன் பெண். "ரிப்பேர் பண்ணேன்டி. சாவறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கடைத்தெரு சைக்கிள் கடைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனதும் அவள்தான். கடைக்காரர் ஹப்பைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத நான் தொறக்க மாட்டேம்மா. உள்ள கடியாரம் மாதிரி இருக்கும். தொறந்தா மூடறதுக்கு வெள்ளக்காரன்தான் வரணும். எவனோ வெளக்கெண்ண ஊத்தி வெச்சிருக்கான், வாசன வருது பாரு."

"நாங்களே தொறந்தா?" என்று லெயோனி கேட்டாள். நான் கேட்கவில்லை, அவள்தான்.

அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சக்கரத்தைக் கழற்றி, உளியும் சுத்தியலும் வைத்து, ஹப்பின் ஓரத்து வளையத்தை மட்டும் அடித்துத் தளர்த்திக் கொடுத்தார். "இனிமே நீங்களாச்சு, அதாச்சு. என் பேர மட்டும் இழுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, என் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தரையில் விரித்தோம். சைக்கிள் அரசாங்கச் சொத்து. உடைந்தால் யார் பதில் சொல்வது? நர்சுகளை மேற்பார்வை பார்க்கிற எங்கள் ஹெல்த் விசிட்டர் அம்மாவை நீங்கள் பார்த்ததில்லை. ஆறடி உயரம், ஒரு தடித்த நோட்டு, திங்கட்கிழமை தோறும் என் பெட்டியைத் திறந்து பஞ்சுருண்டை முதல் எண்ணுவார்கள். அந்த அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குச் செய்த தப்பு, செய்யாத தப்பு எல்லாம் ஞாபகம் வரும்.

நான் ஒவ்வொன்றாக உருவ, லெயோனி ஒவ்வொன்றையும் பள்ளிக்கூட நோட்டில் வரைந்து நம்பர் போட்டாள். குண்டுகள், பல்சக்கரங்கள், சிலுவை மாதிரி ஏதோ ஒன்று. எல்லாவற்றிலும் விளக்கெண்ணெய் இறுகி வெல்லப்பாகு போல ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவக் கழுவத்தான் விஷயம் புரிந்தது. உள்ளே நகம் போல நான்கு சின்ன இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். அந்த நகம் எழுந்து நின்று பல்லைப் பிடித்தால்தான் சக்கரம் சுழலும். மூன்று நகங்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு நினைத்தபோதுதான் எழுந்தன. நான்காவதின் ஸ்பிரிங் உடைந்தே போயிருந்தது.

"போச்சு," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? மெல்லிசா ஒரு கம்பி வேணும், அவ்ளோதானே?" லெயோனி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கொண்டை ஊசி தடிமன். காகிதப் பூ கட்டும் செம்புக்கம்பி வளைந்தது வளைந்தபடி நின்றது. அப்புறம் நான்தான், யாரும் சொல்லாமல், பிரசவப் பெட்டியைத் திறந்தேன். அந்தக் காலத்து ஊசி ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற ஊசி இல்லை. வேகவைத்து வேகவைத்துத் திரும்பப் போடுவோம். துளை அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு ஊசிக்குள்ளும் மயிரிழைக் கம்பி ஒன்று செருகி வைத்திருப்பார்கள். வளைத்தால் துள்ளி நிமிரும் நல்ல எஃகு. ஒன்றை உருவினேன். ரத்தக்குழாயைப் பிடிக்கிற இடுக்கியால் பிடித்து வளைத்து, பழைய ஸ்பிரிங் மாதிரியே செய்து, நகத்துக்குப் பின்னால் வைத்தேன். தையல்மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நோட்டைப் பார்த்துப் பின்னாலிருந்து முன்னால் எல்லாவற்றையும் மாட்டினோம். லெயோனி சக்கரத்தைச் சுற்றினாள். டிக், டிக், டிக். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். இடுக்கியை மூன்று முறை கொதிக்க வைத்தும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை ஹெல்த் விசிட்டர் அம்மா லீவு. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை. நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஏரிக்கு அந்தாண்டையிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தார். பெயர் கலியபெருமாள், கரும்புக்கொல்லையில் குடியிருக்கும் விவசாயி. அவர் மனைவி அஞ்சலைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நான்தான் கணக்குச் சொல்லியிருந்தேன்.

"நர்சம்மா, கொழந்த பொறந்துட்சி. நஞ்சுக்கொடியும் வுழுந்துட்சி. ரத்தம் நிக்கல. பாயெல்லாம் ரத்தம். சீக்கிரம் வாம்மா."

கரை மேல் காற்று முகத்தில் அறைந்தது. விசையை ஒன்றில் தள்ளினேன். இப்போது வழுக்கும், இப்போது வழுக்கும் என்று ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு சுருங்கியது. வழுக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எங்கேயும் போனதில்லை.

அஞ்சலையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு மூலையில் ஒண்டியிருந்தாள். கர்ப்பப்பை கெட்டிப்படாமல் தொளதொளவென்று இருந்தது. ரத்தம் நிற்க வைக்கும் மருந்து என்னிடம் இருந்தது. ஊசியையும் சிரிஞ்சையும் அடுப்பில் வேகவைக்க மாமியாரிடம் சொல்லிவிட்டு, வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மருந்தை உறிஞ்ச ஊசியை மாட்டி இழுத்தால், சிரிஞ்சுக்குள் எதுவும் ஏறவில்லை. ஊசி அடைத்திருந்தது. பெட்டியில் இருந்தது இரண்டே ஊசிகள். இன்னொன்று போன வாரமே முனை மழுங்கி வளைந்து, உள்ளே இருந்த கம்பியும் உருவ வராமல் சிக்கிக்கொண்டதால், மாற்றிக் கொடுக்க எழுதிப் போட்டிருந்தேன்.

அடைத்த ஊசியைப் பார்த்தேன். கம்பி இல்லாத ஊசி. கம்பி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாசலில், சைக்கிள் ஹப்புக்குள்.

அந்தக் கணத்துப் பயத்தை எப்படிச் சொல்வது? ஏரித் தண்ணீர், ஹெல்த் விசிட்டர் அம்மா, இதையெல்லாம் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. காதுக்குள் ஒரு இரைச்சல். "இன்னாம்மா ஆச்சு?" என்று மாமியார் கேட்டது எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. "கொழந்தய மாரு மேல போடுங்க, பால் குடிக்கட்டும்," என்று மட்டும் சொன்னேன். பால் குடித்தால் கர்ப்பப்பை சுருங்கும். இடது கை வயிற்றை விடவில்லை. மாமியார் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த கொதிதண்ணீருக்குள் வலது கையால் ஊசியை முக்கி, சிரிஞ்சில் சுடுதண்ணீரை இழுத்து, ஊசியை மாட்டி, கட்டைவிரலால் இருக்கிற பலமெல்லாம் கொடுத்துத் தள்ளினேன். வரவில்லை. மறுபடியும் முக்கினேன். வரவில்லை. விரல் வெந்தது தெரியவில்லை. மூன்றாவது முறை பழுப்பாக ஏதோ தெறித்து, தண்ணீர் நூல் மாதிரி பாய்ந்தது.

ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கைக்குக் கீழே அந்த இடம் மெல்ல மெல்ல உருண்டு, தேங்காய் மாதிரி கெட்டிப்பட்டது. ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

அஞ்சலை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நீ ஏன் அழுவுற நர்சம்மா?" என்றாள்.

நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

உண்மையை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஹெல்த் விசிட்டர் அம்மா, "ஒரு ஊசிக்கம்பி எங்க?" என்று கேட்டபோது, வேகவைத்த தண்ணீரோடு கொட்டிவிட்டேன் என்று சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்காகவா அத்தனை நாள் நடுங்கினேன்! ஆனால் கிராமங்களில் வேறு ஒரு பேச்சு பரவிவிட்டது. அஞ்சலைக்காகக் கண்ணீர் விட்ட நர்சம்மா. போகிற வீட்டிலெல்லாம் மோர் கொடுப்பார்கள், கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் கையை உருவிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவேன். லெயோனியிடம் மட்டும் சொன்னேன். அவள், "அந்தக் கம்பி இல்லன்னா நீ போயே சேந்திருக்க மாட்டடி," என்றாள். அது சமாதானமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஓய்வு பெறுகிறவரை, பெட்டியை மூன்று முறை எண்ணாமல் நான் வாசல் தாண்டியதில்லை.

லெயோனி கல்யாணமாகி பிரான்சுக்குப் போனாள். சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு இல்லை. சைக்கிளை வேறு துருப்பிடித்த சாமான்களோடு ஏலத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் எனக்கு மொபெட் வந்திருந்தது. வீட்டில் பிரசவம் பார்ப்பதும் மெல்ல நின்று போயிற்று.

ஓய்வு பெற்ற வருஷம், அஞ்சலையைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாள் கிளம்பிப் போனேன். ஏரிக்கரைக்குத் தார் போட்டிருந்தார்கள். அந்தாண்டை கரும்பே இல்லை. கொல்லை முழுக்க மஞ்சள் அடித்த கல் நட்டு, இடையிடையே செம்மண் சாலை போட்டிருந்தார்கள். வீடு எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் ஆளிடம் கலியபெருமாள் குடும்பம் என்று கேட்டேன். நிலத்தை விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார். கலியபெருமாள் மனைவி அதற்கு முன்னாலேயே தவறிவிட்டதாகக் கேள்வியாம்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வரைபடத்தை என் முன்னால் விரித்தார்.

"உக்காருங்கம்மா. கெழக்குப் பாத்த மன வேணுமா, வடக்குப் பாத்ததா?"