முட்லூரில் ஏறியவள் கேட்ட கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது இது. அப்போது நான் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஓர் ஆங்கிலத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். பேசுவது, கேட்பது, படிப்பது எல்லாம் தேறிவிட்டது. நோயாளியைப் பற்றி ஒரு கடிதம் எழுதும் பகுதியில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டேன். காரணம் ஸ்பெல்லிங். மூன்றாவது முறையும் போனால் வேலை வேறு ஆளுக்கு என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் அண்ணாமலை நகரில் கோச்சிங் வகுப்பு. அங்கே சாரிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான். தப்பான சொல்லை இருபது முறை எழுத வேண்டும். நானும் எழுதுவேன். மறுவாரக் கடிதத்தில் பழைய தப்பு பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும். ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர், "ஒனக்கு இங்கிலீஷ் மண்டைல ஏறாது" என்று சொல்லியிருந்தார். என் உயரம் குறைவு என்பதைப் போல அதையும் நான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

என் விடுதி அறைத்தோழி பரங்கிப்பேட்டைக்காரி. என்னோடு வேலை செய்தவள்தான், அந்த டீச்சர் சொன்னதும் அவளுக்குத் தெரியும். அந்தத் தேர்வில் முன்பே தேறி, விசாவுக்குக் காத்திருந்தாள். லீவுக்கு ஊருக்குப் போனால் ஞாயிறு மாலை பக்கத்திலுள்ள முட்லூரில் என் பஸ்ஸில் ஏறுவாள். பக்கத்து சீட்டில் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பேன்.

அன்றைக்கு அவள் உட்கார்ந்ததும், சார் திருத்திய கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு மை.

"இத ஏன்டி இப்பிடி எழுதுன?"

"தெரியாமத்தான்."

"அது ஒரு பதிலா? ஜுரம்னு ஒருத்தர் வந்தா ஒடனே ஊசிய போட்டுடுவியா? எப்பலேந்து ஜுரம், குளுருதா, எங்கயாவது போயிட்டு வந்தீங்களான்னு கேப்ப இல்ல? இதயும் அப்பிடிக் கேளு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் கேட்கத் தொடங்கினோம். மகளுக்கான 'டாட்டர்' நடுவில் இரண்டு எழுத்தை விட்டிருந்தேன். தமிழில் எழுதினால் எழுத்து சத்தம் போட வேண்டும். வாயைத் திறக்காத எழுத்து எனக்குக் கண்ணில் படவே இல்லை. 'ப்ராப்ளம்' தப்பு. பேப்பருக்கும் பஸ்ஸுக்கும் நமக்கு ஒரே 'ப'தானே, இரண்டு இடத்திலும் பேப்பரின் எழுத்தையே போட்டிருந்தேன். 'ஸ்வெல்லிங்' எங்கள் டியூட்டி டாக்டரிடமிருந்து ஒட்டியது. நல்ல கைராசிக்காரர், ஆனால் எழுதும்போது ஒன்றிரண்டு எழுத்தை விழுங்கிவிடுவார். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அத்தனை சிவப்பும் மூன்று நான்கு காரணங்களுக்குள் அடங்கிவிட்டது.

பிறகு அவள் ஒரு சொல்லில் விரலை வைத்தாள். நிமோனியா. அதைச் சரியாக எழுதியிருந்தேன்.

"முன்னாடி ஒரு எழுத்து சும்மா நிக்குதே, இத மட்டும் எப்பிடி விடாம எழுதுன?"

யோசித்தேன். நர்சிங் படிக்கும்போது அந்த எழுத்து எதற்கு என்று ஒரு சீனியரிடம் கேட்டிருந்தேன். நுரையீரலுக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயரோடு சேர்ந்து வந்தது என்றார். அன்றிலிருந்து அது தப்பியதே இல்லை. அதைச் சொன்னதும் அவள் கடிதத்தை மடித்து என் மடியில் போட்டாள்.

"அப்ப மண்டைல ஏறுது. ஏன் தப்பு வருதுன்னு ஒன்ன யாரும் கேக்கல, அவ்ளோதான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு இருபது முறை எழுதுவதை விட்டுவிட்டேன். தப்பு வந்தால், நோயாளியிடம் கேட்பதுபோல் ஏன், எங்கிருந்து என்று கேஸ் கேட்பதுதான் வேலை. அவள் விமானம் ஏறிய பிறகு பக்கத்து சீட்டில் யார் யாரோ உட்கார்ந்தார்கள், நான் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது முறை தேறினேன். இதை அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் ஓய்வறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தப்பு இப்போதும் வருகிறது, பயம் வருவதில்லை.

ஆறாம் வகுப்பு டீச்சர் மேல் கோபமில்லை. ஆனால் நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்த ஒரு மருந்துச் சீட்டை நம்பி, நர்ஸான நானே இத்தனை வருடம் மருந்து சாப்பிட்டிருக்கிறேன் என்பதுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.